நுரைக்குள் அடைபட்ட வாயு

23.8 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் ஒரு திரவம். மார்கழி விடியலில் சென்னையில் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் சிறிது நேரம் திரவமாகவே நிற்கும். சித்திரையில் ஊற்றிய கையோடு கொதிக்கத் தொடங்கிவிடும், அடுப்பே வேண்டாம். நிறம் கிடையாது. மணம் மிக லேசு. தீப்பற்றாது, இரும்பை அரிக்காது, எந்தப் பொருளோடும் எளிதில் வினைபுரியாது. ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி மூன்று குளோரின், ஒரு ஃப்ளூரின். அவ்வளவுதான் அதன் உடல். தொழிற்சாலைக்காரர்களும் விஞ்ஞானிகளும் அதை சி.எஃப்.சி-11 என்கிறார்கள்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தத் திரவம் உலகத்தின் குளிர்சாதனப் பெட்டிகளுக்குள்ளும், குளிர்நாட்டு வீடுகளின் சுவர்களுக்குள்ளும் கூரைகளுக்குள்ளும் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் கண்ணில் பட்டது மஞ்சளாக இறுகிப்போன ஒரு நுரைப் பலகை மட்டும்தான். நம்மூரில் 'பஃப்' என்கிறோமே, அந்தப் பாலியூரித்தேன் நுரை. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். ஆனால் அதன் கன அளவில் பிளாஸ்டிக் நூற்றுக்கு மூன்று பங்குதான். மீதி 97 பங்கும் வாயு. வெப்பத்தை நிறுத்தி வைப்பது அந்த வாயு. பிளாஸ்டிக் அதைப் பிடித்து வைத்திருக்கும் கூடு. வீட்டுக்கு வெப்பத்தடையாகப் போடும் நுரைகளின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், எந்த வாயுவை உள்ளே அடைத்தார்கள், அது எத்தனை காலம் உள்ளே இருந்தது, வெளியே வந்து என்ன செய்தது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. அந்த வாயுக்களிலேயே மிக நீண்ட பயணம் போனது சி.எஃப்.சி-11.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்று அளப்பார்கள். கான்கிரீட்டுக்கு இது சுமார் 1.5. செங்கல் சுவருக்கு 0.7 அளவில். அசையாமல் நிற்கும் காற்றுக்கு 0.026. சி.எஃப்.சி-11 வாயுவுக்கு 0.008. காற்றின் மூலக்கூறைவிட இதன் மூலக்கூறு ஏறக்குறைய ஐந்து மடங்கு எடை கூடியது; எடை கூடியதால் மெதுவாக நகர்கிறது, வெப்பத்தையும் மெதுவாகத்தான் கைமாற்றுகிறது. காற்றோ வேறு வாயுவோ, அசையாமல் நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். அறை முழுக்கக் காற்று இருந்தும் அது வெப்பத்தைத் தடுக்காததற்குக் காரணம், அது மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருப்பது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய அறைகளில் அடைத்துவிட்டால் சுழல இடமில்லை. நம் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதிப்பதிலும் ஓரளவுக்கு இதே தத்துவம் இருக்கிறது. ஜல்லியின் துளைகளில் நிற்கும் காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. சி.எஃப்.சி-11 அடைத்த நல்ல பஃப் நுரைக்கு அந்த எண் 0.02 அளவில் வந்தது. இரண்டரை சென்டிமீட்டர் நுரை செய்யும் வேலையைக் கான்கிரீட்டிடம் கேட்டால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டியிருக்கும்.

இந்த வாயு பிறந்தது நுரைக்காக அல்ல. 1920களில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த குளிர்சாதனப் பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்றவை ஓடின. குழாய் கசிந்தால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். பெர்லினில் அப்படி ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் கசிவே இல்லாத பெட்டி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போனது. பெட்டியை மாற்றுவதைவிட வாயுவை மாற்றுவோம் என்று அந்த வேலையைத் தாமஸ் மிட்ஜ்லியிடம் கொடுத்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியை 1921இல் கண்டுபிடித்திருந்த அதே மிட்ஜ்லி. 1928இல் அவரும் ஆல்பர்ட் ஹென்னும் சேர்ந்து குளோரோஃப்ளூரோகார்பன் குடும்பத்தை எடுத்து வைத்தார்கள். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான சி.எஃப்.சி-12ஐ நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் மெதுவாக ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படவில்லை. டூபாண்ட் நிறுவனத்தோடு கூட்டாக கைனெடிக் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. நம் சி.எஃப்.சி-11, மூத்ததோடு சேர்ந்தே உருவாகும் தம்பி. பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் எந்திரங்களில் அதற்கு வேலை கிடைத்தது. போருக்குப் பிறகு தலைமுடிக்கும் பூச்சிக்கும் அடிக்கும் ஸ்ப்ரே டப்பாக்களில் நுழைந்தது. அதன் கொதிநிலை ஏறக்குறைய அறையின் வெப்பநிலை என்பதை நுரைக்காரர்கள் பின்னால்தான் கவனித்தார்கள்.

நுரையின் வம்சம் ஜெர்மனியில் தொடங்குகிறது. லெவர்குசனில் ஐ.ஜி. ஃபார்பன் ஆய்வகத்தில் ஓட்டோ பாயர் 1937இல் பாலியூரித்தேனைச் செய்தார். அவருக்கு வேண்டியிருந்தது நூலும் கெட்டிப் பிளாஸ்டிக்கும். வார்த்தெடுத்த துண்டுகளிலோ குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. கலவையில் எங்கோ இருந்த ஈரம், மூலப்பொருள்களில் ஒன்றான ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிட்டதுதான் காரணம். சோதனைப் பிரிவு, இது சுவிஸ் பாலாடைக்கட்டி போலச் செய்து வைக்கத்தான் லாயக்கு என்று எழுதித் திருப்பி அனுப்பியதாக அந்தத் துறையில் வழிவழியாகச் சொல்வார்கள். குறை என்று கருதப்பட்ட குமிழையே வேண்டுமென்று உண்டாக்கினால் என்ன என்று பாயரின் குழு யோசித்ததில் நுரை வந்தது.

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் டௌ கெமிக்கலில் ரே மெக்இன்டயர் பாலிஸ்டைரீனை உருக்கி, வாயுவைக் கலந்து, அழுத்தத்திலிருந்து வெளியே தள்ளி ஒரு கெட்டி நுரையை எடுத்தார். ஸ்வீடனின் கார்ல் முன்ட்டர்ஸ் ஏற்கெனவே காப்புரிமை வைத்திருந்த வழி அது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 1942இல் அதை மிதவைக்கு எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் வீட்டுக்கு வந்தது. இப்போது எக்ஸ்.பி.எஸ் பலகை என்று விற்பது அதன் வாரிசு. நீரை உறிஞ்சாது என்பதால் மாடித் தளத்தில் தட்டோட்டுக்குக் கீழே போடத் தோதானது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தில் ஃப்ரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1950 வாக்கில் இன்னொரு வழி கண்டார். பாலிஸ்டைரீன் மணிகளுக்குள் பென்டேனை ஊறவைத்து நீராவியில் காட்டினால் மணி ஒவ்வொன்றும் ஐம்பது மடங்கு வரை ஊதிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் தெர்மகோல். சில வாரங்களில் பென்டேன் வெளியேறிவிடும், காற்று உள்ளே வந்து குடியேறும். ஆகவே தெர்மகோலின் எண் 0.035 அளவிலேயே நிற்கிறது. காற்றை அடைத்தால் காற்றின் தரம்தான் கிடைக்கும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குப்பையாகக் கடலில் மிதக்கிறது என்று தெர்மகோல் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது. ஓசோன் படலத்தைக் கிழித்த குற்றத்தில் மட்டும் அதற்குப் பங்கில்லை. விலை உயர்ந்த, தரமான, தீப்பற்றாத வாயு அடைத்த நுரைகள்தான் அந்தக் காரியத்தைச் செய்தன.

1950களின் பிற்பகுதியில் வாயுவின் வம்சமும் பஃப் நுரையின் வம்சமும் கூடின. பஃப் நுரை செய்ய இரண்டு பீப்பாய்கள் வேண்டும். ஒன்றில் ஐசோசயனேட், கரும்பழுப்பு நிறம். இன்னொன்றில் பாலியோல், அதில் சில துளி வினையூக்கி, குமிழ் உடையாமல் பிடிக்க சிலிக்கோன், கூடவே சி.எஃப்.சி-11. இரண்டையும் வேகமாகக் கலந்தால் சில வினாடி ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு நிறம் வெளிறும். வினையின் சூட்டில் 23.8 டிகிரியைத் தாண்டியதும் சி.எஃப்.சி-11 கொதிக்கும், கலவை பொங்கும் பாலைப் போல மேலே எழும்பும். உள்ளே வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும்போது குமிழின் சுவர்கள் இறுகத் தொடங்கியிருக்கும். சில நிமிடத்தில் எல்லாம் கல்லாகிவிடும், கொதித்த வாயு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். கொதிநிலை இன்னும் தாழ்ந்திருந்தால் கலக்கும்போதே பறந்துபோயிருக்கும். இன்னும் உயர்ந்திருந்தால் குளிர்ந்ததும் திரவமாகச் சுருங்கி நுரை உள்வாங்கிக்கொள்ளும். கொதிப்பதற்கு வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் நுரையின் நடுப்பகுதி கருகாமலும் அது காத்தது. கரியமில வாயுவை வைத்து ஊதிய நுரையில் அந்த வாயு சில மாதங்களில் பிளாஸ்டிக் வழியே ஊடுருவி வெளியேறிவிடும். பெரிய மூலக்கூறான சி.எஃப்.சி-11 பல பத்தாண்டுகள் உள்ளேயே தங்கியது. ஒரு தொழிலுக்கு இத்தனை பொருத்தமாக ஒரு பொருள் அமைவது அபூர்வம். அதைக் கைவிட இத்தனை பாடுபட வேண்டியிருந்ததன் காரணம் இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியின் சுவரில் அதுவரை கண்ணாடிப் பஞ்சு இருந்தது. பஃப் வந்ததும் சுவர் மெலிந்தது, வெளியளவு மாறாமலே உள்ளே இடம் பெருகியது. இரும்புத் தகட்டையும் உள் பிளாஸ்டிக்கையும் நுரையே ஒட்டிப் பிடித்துக்கொண்டதால் பெட்டிக்கு உறுதியும் வந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது வீடுகளின் முறை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கும் நாடுகள் சுவரையும் கூரையையும் நுரையால் போர்த்தத் தொடங்கின. பலகையாகவும் போனது, தெளிக்கும் நுரையாகவும் போனது. பாலியூரித்தேனைவிடச் சூடு தாங்கும் பாலிஐசோசயனுரேட் பலகைகள் கூரைகளில் ஏறின. அவற்றின் குமிழிலும் சி.எஃப்.சி-11தான். அந்த அவசரத்தில் கனடாவில் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையை அரசு உதவிப் பணத்தோடு பல்லாயிரம் வீடுகளின் சுவர்ப் பொந்துக்குள் அடித்தார்கள். ஃபார்மால்டிஹைடு கசிந்து குடியிருப்போரின் கண்ணும் மூக்கும் எரிகிறது என்ற புகார்கள் எழ, 1980இல் அதைத் தடை செய்தார்கள். அந்த நுரை அங்கேயே நின்றுவிட்டது. பஃப் மேலும் மேலும் போனது.

இதற்குள் வாயு வெளியுலகத்தில் தென்படத் தொடங்கியிருந்தது. விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் தாமே உருவாக்கிய நுண்கருவியோடு 1971இல் ஷாக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அன்டார்க்டிகா நோக்கிப் போனார். நடுக்கடலிலும் சி.எஃப்.சி-11 இருந்தது. கணக்குப் போட்டால், அதுவரை உலகம் தயாரித்த அளவு ஏறக்குறைய முழுவதும் காற்றிலேயே நின்றிருந்தது. மழை கரைக்கவில்லை, மண் உண்ணவில்லை. அதனால் தீங்கு எதுவும் தோன்றவில்லை என்றே அவரும் எழுதினார். கலிஃபோர்னியாவின் அர்வைனில் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: எங்கேயும் அழியாதது கடைசியில் எங்கே போய் அழியும்? 1974 ஜூனில் நேச்சர் இதழில் பதில் வந்தது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தைத் தாண்டி, அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் பட்டுத்தான் உடைகிறது. உடையும்போது குளோரின் அணு விடுபடுகிறது. ஒரு குளோரின் அணு, தான் செலவாகாமல், ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை சிதைக்க வல்லது.

அமெரிக்கா 1978இல் ஸ்ப்ரே டப்பாக்களில் சி.எஃப்.சி.க்குத் தடை போட்டது. நுரையைத் தொடவில்லை. டப்பாவில் இருப்பது அழுத்திய கணமே காற்றில் கலக்கிறது, நுரையில் இருப்பதோ பூட்டிக் கிடக்கிறது என்ற சமாதானம் போதுமானதாகப் பட்டது. பூட்டு நிரந்தரமல்ல. நுரை செய்யும்போது கொஞ்சம் போகும், சுவரில் இருக்கும் காலம் முழுக்க ஆண்டுக்குக் கொஞ்சம் கசியும், வீட்டை இடிக்கும் நாளில் நிறையப் போகும். இப்படிப் பழைய பொருட்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இருப்பை விஞ்ஞானிகள் 'பேங்க்' என்கிறார்கள். 1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்துக்கு மேலே ஓசோன் சரிந்துவிட்டதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று சி.எஃப்.சி.க்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. வளர்ந்த நாடுகளுக்கு 1995 இறுதியோடும், நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 ஜனவரியோடும் சி.எஃப்.சி தயாரிப்பு முடிய வேண்டும் என்று பின்னால் கெடு வந்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது.

நுரைக்காரர்கள் மாற்று தேடி அலைந்த ஆண்டுகள் அவை. எச்.சி.எஃப்.சி-141பி வந்தது: 32 டிகிரியில் கொதிப்பது, ஓசோனுக்குக் கேடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கேடு குறைந்ததே தவிர நிற்கவில்லை, அதற்கும் கெடு வைத்தார்கள். அடுத்து எச்.எஃப்.சி-245எஃப்ஏ: குளோரினே இல்லை, ஓசோன் தப்பித்தது, பூமியைச் சூடாக்குவதிலோ கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்கு அளவுக்கு நின்றது. 2016 அக்டோபரில் கிகாலியில் அதையும் குறைக்க ஒப்பந்தமானது. அதற்கு மாற்றாக வந்தவை எச்.எஃப்.ஓ வகை, காற்றில் சில வாரங்களிலேயே சிதைந்துவிடும். அவற்றுள் சில சிதையும்போது ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் உண்டாகி மழைநீரில் சேர்கிறது என்பதால் அங்கேயும் வாக்குவாதம் ஓயவில்லை.

இந்த வரிசைக்கு வெளியே ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு மூடப்படும் தறுவாயில் இருந்த கிழக்கு ஜெர்மானியத் தொழிற்சாலை ஒன்றை 1992இல் கிரீன்பீஸ் அமைப்பு அணுகியது. டோர்ட்முண்ட் நகரத்து மருத்துவர்கள் சிலர் சாதாரண புரோப்பேன், பியூட்டேன் கலவையில் ஓடும் குளிர்சாதனத்தை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலை குழாயில் அந்தக் கலவையையும், சுவர் நுரையில் பென்டேன் வகையையும் போட்டது. சமையலறையில் வெடிகுண்டு வைக்கிறார்கள் என்று பெரிய கம்பெனிகள் கடைக்காரர்களை எச்சரித்தன. மக்கள் பல்லாயிரக்கணக்கில் முன்பதிவு செய்தார்கள். 1993இல் பெட்டி சந்தைக்கு வந்த சிறிது காலத்திலேயே எச்சரித்த கம்பெனிகளும் அதே வழிக்கு மாறத் தொடங்கின. ஃபோரான் என்ற அந்தத் தொழிற்சாலை சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. அது தொடங்கி வைத்த வழி பிழைத்து, இன்று உலகெங்கும் குளிர்சாதனப் பெட்டிகளின் நுரையில் பெரும்பாலும் சைக்ளோபென்டேன் இருக்கிறது. ஓசோனுக்குக் கேடில்லை, வெப்பமாக்கும் கேடு மிகச் சொற்பம். தீப்பிடிக்கும் என்பது உண்மை. அதற்காக ஆலையில் காற்றோட்டம், வாயு உணரி, பொறி எழாத மோட்டார் எல்லாம் வைக்கப் பணம் வேண்டும். பெரிய ஆலைகளுக்கு அது முடிந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு முடியவில்லை. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2010க்குப் பிறகு சி.எஃப்.சி-11இன் உலகத் தயாரிப்பு பூஜ்யம் என்றே ஏடுகள் சொல்லின. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலும் வேறு பல இடங்களிலும் காற்றைப் பிடித்து அளந்துகொண்டிருந்த ஸ்டீவன் மான்ட்ஸ்காவும் அவரது அமெரிக்க அரசு ஆய்வகத் தோழர்களும் வேறொன்றைக் கண்டார்கள். காற்றில் அதன் அளவு ஆண்டுதோறும் சீராகக் குறைந்து வந்தது. 2012க்குப் பிறகு குறையும் வேகம் பாதியாகிவிட்டது. முதலில் மற்ற விளக்கங்களைத் தேடினார்கள். மேல் காற்று மண்டலச் சுழற்சி மாறியிருக்கலாம். பழைய கட்டடங்களை நிறைய இடித்ததால் பேங்க் வேகமாகக் கரைந்திருக்கலாம். எதுவும் கணக்கில் பொருந்தவில்லை. வட கோளத்துக்கும் தென் கோளத்துக்கும் இடையே இந்த வாயுவின் அளவு வேறுபாடு கூடிக்கொண்டே போனது. ஆக, வடக்கே யாரோ புதிதாக விடுகிறார்கள். ஹவாய்க்கு வரும் காற்றில் அது எந்த வாயுக்களோடு சேர்ந்து வந்தது என்று பார்த்ததில் கிழக்கு ஆசியா பக்கம் கை காட்டியது. 2018 மே மாதம் கட்டுரை வெளிவந்தது: ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதல் வெளியேற்றம். எவரோ எங்கோ தயாரிக்கிறார்கள் என்று எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எங்கே என்பதற்குச் சில வாரங்களிலேயே விடை கிடைக்கத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்களும், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சூழலியல் புலனாய்வு அமைப்பான இ.ஐ.ஏ.வும் சீனாவின் நுரை ஆலைகளைத் தேடிப் போனார்கள். ஷான்டோங் மாகாணத்து ஷிங்ஃபு போன்ற தொழிலூர்களில் ஆலைக்காரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். பத்து மாகாணங்களில் 18 நிறுவனங்கள் சி.எஃப்.சி-11ஐப் பயன்படுத்துவதை இ.ஐ.ஏ.விடம் ஒப்புக்கொண்டன. 141பி.க்கு ஒதுக்கீடு குறைந்து விலை ஏறிவிட்டது. சி.எஃப்.சி-11 அதைவிட மலிவு, நுரையும் நன்றாக வருகிறது, பற்றி எரியாது. சீனாவில் அப்போது வீடுகளுக்கு வெப்பத்தடை போடச் சட்டம் வற்புறுத்தியது, கட்டடங்கள் கோடிக்கணக்கான சதுர மீட்டராக எழும்பின. ஆற்றலை மிச்சப்படுத்தி பூமியைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் போட்ட சட்டத்தை நிறைவேற்ற, பூமிக்கு மிகக் கேடான வாயு அடைத்த நுரை போனது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஒரு கிலோ சி.எஃப்.சி-11 பூமியைச் சூடாக்குவதில் நாலாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்.

2019 மேயில் மேத்யூ ரிக்பியும் சன்யங் பார்க்கும் தோழர்களும் அறிவியல் சாட்சியை வைத்தார்கள். தென் கொரியாவின் ஜேஜு தீவில் கோசான் நிலையம், ஜப்பானின் தெற்கு முனையில் ஹடெருமா தீவு நிலையம். இரண்டிலும் காற்று சீனப் பக்கமிருந்து வீசும்போதெல்லாம் சி.எஃப்.சி-11 குத்துக் குத்தாக ஏறியது. காற்றின் தடத்தைக் கணினியில் பின்னோக்கி ஓட்டியதில் ஷான்டோங்கும் ஹெபெயும் அகப்பட்டன. கிழக்குச் சீனாவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 7,000 டன் அளவில் கூடுதல். சீன அரசு சோதனைகள் நடத்தியது, ஆலைகளை மூடியது. 2021 பிப்ரவரியில் வந்த அடுத்த கட்டுரைகளில் வெளியேற்றம் பழைய நிலைக்குத் திரும்பியது தெரிந்தது. உலகக் காற்றில் ஒரு லட்சம் கோடியில் 230 பங்கு அளவுக்கே இருந்த ஒரு வாயுவின் சிறு பிசகைக் கண்டு, ஒரு மாகாணம் வரை தடம் பிடித்து, மூன்றே ஆண்டில் நிறுத்த முடிந்தது. ஆண்டுக்கணக்கில் விடாமல் காற்றை அளந்துகொண்டிருந்தவர்கள் இல்லையென்றால் இது நடந்திருக்காது. விளைவு எதுவும் உடனே தெரியாத இந்த வேலைக்கு அரசுகள் பணம் ஒதுக்குவதை நிறுத்தக் கூடாது.

இந்தியா 2020 ஜனவரி 1 முதல் நுரைத் தொழிலில் எச்.சி.எஃப்.சி-141பி.யை நிறுத்தியது. வளரும் நாடுகளில் இது முன்னோடியான காரியம். இன்று தமிழ்நாட்டில் குளிர்பதனக் கிடங்குக்கும், மொட்டை மாடி மேல் எழுப்பும் அறைக்கும் இருபுறம் தகடு ஒட்டிய பஃப் பேனல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. வாங்குபவர் தடிமனைக் கேட்கிறார், தகட்டின் கனத்தைக் கேட்கிறார், விலையைக் கேட்கிறார். நுரையை எந்த வாயுவால் ஊதியது என்று கேட்பவர் அரிது. கேட்க வேண்டும் என்பேன். தீயைப் பற்றியும் கேட்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் குடியிருப்பு எரிந்து 72 பேர் மாண்டார்கள். தீ ஓடியதற்கு முதன்மைக் காரணம் நடுவே பாலிஎத்திலீன் வைத்த வெளித்தகடு. அதன் பின்னால் இருந்த நுரைப் பலகைகளும் எரிந்து தங்கள் பங்கைச் சேர்த்தன. இவ்வகை நுரை எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. திறந்து கிடக்கும் நுரை வீட்டுக்குள் இருக்கவே கூடாது. பூச்சோ ஜிப்சம் பலகையோ அதை மூடியிருக்க வேண்டும்.

சி.எஃப்.சி-11 ஒழுங்காகச் சாவதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டியை மூடிய அறைக்குள் வைத்து நொறுக்கி, நுரையைத் தூளாக்கி, வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து மீண்டும் திரவமாகப் பிடிக்கிறார்கள். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிக்கும் உலையில் அது உடைகிறது. குளோரினும் ஃப்ளூரினும் அமிலமாக வெளிவர, காரத்தால் அவற்றைச் சரிசெய்கிறார்கள். ஜெர்மனியில் இதற்கான ஆலைகள் 1990களிலிருந்தே இருக்கின்றன. பிரிட்டன் ஏற்பாடில்லாமல் மாட்டிக்கொண்டது: 2002 ஜனவரி முதல் நுரையிலிருந்தும் வாயுவை எடுத்தாக வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் வந்தபோது அங்கே ஓர் ஆலைகூட இல்லை, ஊர்ப்புறங்களில் பழைய பெட்டிகள் மலையாகக் குவிந்தன. நம் ஊரில் அவை மலையாகக் குவிவதில்லை. காயலான் கடையில் கம்ப்ரசரையும் செம்புக் குழாயையும் கழற்றி எடுத்துவிட்டுக் கூட்டை உடைத்துப் போடுகிறார்கள், நுரை குப்பையோடு போகிறது அல்லது எரிகிறது. அந்தக் காலப் பெட்டிகளில் குழாயில் ஓடிய வாயுவைவிடச் சுவர் நுரையில் இருந்ததுதான் அதிகம். ஒரு பெட்டிக்கு 300 கிராம் என்று வைத்தாலும், 600 லிட்டர் பெட்ரோலை எரித்த புகைக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குக் கொடுப்பது சாத்தியம்தான்.

வீட்டுச் சுவர்களில் இருப்பது இதைவிடப் பெரிய இருப்பு. மெகன் லிக்லி, சூசன் சாலமன் குழுவினர் 2020இல் போட்ட கணக்கின்படி, உலகின் பழைய பொருட்களுக்குள் இன்னும் அடைபட்டிருக்கும் சி.எஃப்.சி.க்கள் 900 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான கேட்டைச் செய்யவல்லவை; அவற்றை அப்படியே விட்டால் ஓசோன் துளை ஆறுவது ஆறு ஆண்டு தள்ளிப்போகும். 2012க்குப் பிறகு சீனாவில் களவாக ஊதிய நுரைகளும் இந்த இருப்பில் சேர்ந்துவிட்டன. அவை பூசிய கட்டடங்கள் இன்னும் புதியவை. 2050களிலோ அதற்குப் பிறகோ அவற்றை இடிக்க வருபவர்களிடம், எந்தச் சுவரில் எந்த வாயு இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு எதுவும் இருக்காது. சட்டத்துக்கு மாறாக வாங்கிய சரக்குக்கு எந்த ஆலையும் உண்மைக் கணக்கு எழுதி வைக்கவில்லை.